முதல் பில் பிள்ளையாருக்கு

கிள்ளானில் ‘கமலநாதன் அண்ட் சன்ஸ்’ எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கமலநாதனுக்கு மகன்கள் கிடையாது, இரண்டும் மகள்கள். பெயர்ப்பலகை எழுதியபோது ஒரு நம்பிக்கையில் எழுதிவிட்டார், அவ்வளவுதான். சூடம், சாம்பிராணி, ஊதுவத்தி, திரி, மஞ்சள், குங்குமம் என்று பூசைச் சாமான்களை மொத்தமாக இறக்கி, ரவாங் முதல் செமினி வரை உள்ள சின்னக் கடைகளுக்கு லோரியில் அனுப்புகிற வியாபாரம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளையும் உண்டு. கடைக்குள் நுழைந்தால் மூக்குக்குக் கோயிலுக்கு வந்தாற்போல இருக்கும். காதுக்கு மட்டும் பாசார், சந்தை இரைச்சல்தான்.

இந்தக் கடையை நடத்துவது தாம்தான் என்று கமலநாதன் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் நடத்தியது பின்னறையில் இருந்த பழைய கணினி. கடையில் எல்லோரும் அதற்கு வைத்திருந்த பெயர் ‘பெரியவர்’. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. சரக்கு, பில், வாடிக்கையாளர், எந்த லோரி எங்கே போகிறது, எல்லாமே அவர் வயிற்றுக்குள். அந்த மென்பொருளைச் செய்துகொடுத்த நிறுவனம் இழுத்து மூடிப் பல வருஷம் ஆயிற்று. உள்ளே இருந்த பேட்டரியும் செத்துப்போனதால், விடிந்தால் இன்றைக்கு என்ன தேதி என்பதே பெரியவருக்கு மறந்துபோகும். யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவும் மாதம் முன்னால், நாள் பின்னால். மாற்றிக் கொடுத்துவிட்டால் அன்றைய பில்கள் எல்லாம் வேறு ஏதோ மாதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவற்றை இழுத்து வருவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

தேதியைத் தப்பில்லாமல் கொடுக்கத் தெரிந்தவள் ரமணி ஒருத்திதான். ஐம்பதைத் தாண்டியவள், கணக்கும் கிடங்கும் அவள் பொறுப்பு. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. சொல்லிக்கொடுத்தாள், எழுதி ஒட்டினாள், கெஞ்சினாள். பெரியவருக்கு மட்டும் அவள் கைதான் வேண்டும்.

தேதி கொடுத்தவுடன் அவள் செய்வது முதல் பில். அது எந்தக் கடைக்கும் இல்லை, பிள்ளையாருக்கு. வாடிக்கையாளர் பெயர் ‘பிள்ளையார்’, சரக்கு ஒரு பெட்டி சூடம், விலை ஒன்றுமில்லை. அந்தச் சூடம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற சாமி மேடைக்குப் போகும். ஊரில் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடுவார்கள் இல்லையா, கமலநாதன் அதைப் பில்லாகவே போடச் சொல்லிவிட்டார். கடை ஆரம்பித்த காலத்திலிருந்து அது ஒரு நாளும் தவறியதில்லை.

ரமணிக்கு ஓர் ஆசை இருந்தது. அதைக் கேட்டால் யாரும் முதலில் சிரிப்பார்கள். அவள் வேகநடைக்காரி. முட்டியை மடக்காமல், ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க, இடுப்பை ஆட்டி ஆட்டி ஓட்டக்காரர் வேகத்தில் நடக்கிற போட்டி. பள்ளிக்கூடத்தில் மாநில அளவில் நடந்தவள். கல்யாணம், வேலை என்று விட்டுப்போனதை நாற்பதுக்கு மேல் மறுபடி பிடித்துக்கொண்டாள். தினமும் விடியற்காலையில் பாடாங் திடலைச் சுற்றி அவள் நடப்பதைப் பார்த்து, காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கேலி செய்வார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. மூத்தோர் தடகளப் போட்டியில் சிலாங்கூர் அணிக்கு அவள் பெயரும் வந்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் போட்டி நடப்பது கடலுக்கு அந்தப்புறம் கூச்சிங்கில். நடக்கும் நேரம்தான் வினை: தீபாவளிக்கு முந்தின வாரங்கள், கடையில் மூச்சு விட நேரமில்லாத காலம்.

போன வருஷம் பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் வரைக்கும் போய்விட்டாள். வரிசையில் நிற்கும்போது பிரிக்பீல்ட்ஸ் கிளையைப் பார்த்துக்கொள்ளும் தங்கமணியிடமிருந்து போன்.

“அக்கா, இங்க ஆர்டர் எதுவுமே வரல. கிள்ளான்ல கேட்டா பெரியவரு இது ஏப்ரல் மாசம்னு சொல்றாராம்.”

ரமணி அப்படியே திரும்பி வந்தாள். டாக்சியில் வரும்போது அழுதாள். கடைக்குள் நுழையுமுன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேதியைச் சரியாக அடித்துக் கொடுத்தாள். கூச்சிங்கில் அவள் வயதுக்காரிகள் நடந்து முடித்தபோது, அவள் ஏப்ரலிலிருந்து பில்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

அதனால் இந்த வருஷம் அவள் கமலநாதனை விடவே இல்லை. காலையிலும் சொன்னாள், சாப்பிடும்போதும் சொன்னாள். பெரியவரை ஓய்வுக்கு அனுப்ப வேண்டும். இணையத்தில் இயங்குகிற புது சிஸ்டம் வாங்க வேண்டும். எந்தக் கணினியிலும் திறக்கலாம், போனிலும் பார்க்கலாம், தேதி அதற்கே தெரியும்.

“அந்தக் கம்ப்யூட்டர் எங்க இருக்கும்?” என்று கமலநாதன் கேட்டார்.

“வேற எங்கயோ இருக்கும், முதலாளி. நமக்குத் தெரியாது.”

“நம்ம கணக்கு யாரோ வீட்டுல இருக்கும், எங்கன்னு தெரியாது. ரொம்ப நல்லா இருக்கு லா.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எல்லாம் அந்தக் கூச்சிங்குக்குத்தானே? ஏம்மா, நடக்கறதுக்கு எதுக்குக் கூச்சிங் வரைக்கும் போகணும்? இங்கயே நடக்கலாமே. தரை எல்லாம் ஒண்ணுதானே?”

“கும்பிடறதுக்கு நீங்க எதுக்கு முதலாளி பத்துமலை வரைக்கும் போறீங்க? சாமி எல்லாம் ஒண்ணுதானே?”

கமலநாதன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தவர் தோற்றுப்போனார். “சரி, போடு. ஆனா ஒண்ணு. நீ கை வைக்காம ஒரு வாரம் அது ஓடணும். ஓடினா போ. ஓடலேன்னா பெரியவரும் நீயும் இங்கயே இருங்க.”

இப்படித்தான் சாதிக் வந்து சேர்ந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வேலை விசாவில் வந்து, கோலாலம்பூரில் இந்த மாதிரி சிஸ்டம் மாற்றிக்கொடுக்கிற நிறுவனத்தில் இருந்தார். பெரியவரைப் பார்த்ததும் மியூசியத்துக்கு வந்தவர் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த வாடிக்கையாளர் பெயர்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரவாங் மீசை. லோரி மாணிக்கம். ஷா ஆலம் கோபக்காரர். செமினி பழைய கடை. செமினி பழைய கடைக்குப் பக்கத்துக் கடை.

“அக்கா, இதுல ஒருத்தருக்காவது அப்பா அம்மா வச்ச பேரு இருக்கா?”

“எதுக்குத் தம்பி? கோபக்காரருக்கு லோரி அனுப்புன்னா எல்லாருக்கும் தெரியும். பரமசிவத்துக்கு அனுப்புன்னா யாரு அதுன்னு கேப்பாங்க.”

“புது சிஸ்டத்துக்கு முழுப் பேரு வேணும் அக்கா. போன் நம்பர் கட்டாயம் வேணும். பில் போட்டதும் அந்த நம்பருக்குத் தானா மெசேஜ் போயிரும்.”

பிறகு ஒரே போன் மயம். ஒவ்வொரு கடைக்காரரையும் கூப்பிட்டு, இத்தனை வருஷமாகப் பழகிய ஆளிடம் உங்கள் பெயர் என்ன என்று கேட்கிற கூத்தைச் செய்தார்கள். கோபக்காரருக்குக் கோபம் வந்தது. மீசைக்காரர், மீசையை எடுத்து நாளாயிற்று என்று வருத்தத்தோடு தெரிவித்தார். கடைசியில் போன் நம்பர் இல்லாத பழைய பெயர்கள் கொஞ்சம் மிஞ்சின.

“இவங்கள என்ன செய்யட்டும் அக்கா?”

ரமணி அப்போது பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் சப்பாத்து ஏறியிருந்தது. “போன் நம்பர் இல்லாத ஆளு இனிமே எங்க தம்பி வரப்போறாங்க? எல்லாத்தையும் மூடிருங்க.”

“ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்களேன்.”

“பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. மூடுங்க, மூடுங்க.”

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். ரமணியின் கை என்னவோ நுழைந்துவிட்டது. உள்ளே போய் எதைத் தொட்டது என்றுதான் அவள் பார்க்கவில்லை.

நல்ல நாள் பார்த்துப் புது சிஸ்டத்தைத் தொடங்கினார்கள். கமலநாதன் வேட்டி கட்டி வந்தார். வாசலில் தேங்காய் உடைத்தார். புதுத் திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பொட்டு சரியாகக் கேமரா ஓட்டையின் மேலேயே விழுந்தது. பெரியவரையும் விட்டுவிட மனமில்லாமல் அவர் தலையில் ஒரு மல்லிகைச் சரத்தைச் சுற்றினார். சாதிக் பிரிக்பீல்ட்ஸ் கிளையில் தங்கமணியோடு இருந்தார். இங்கே லோரி வாசலில் நின்றது, டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு மட்டும் நீ போடு, ரமணி. முதல் பில் பிள்ளையாருக்கு” என்று சொல்லிக் கமலநாதன் கையைக் கூப்பிக்கொண்டார்.

ரமணி பெயரை அடித்தாள். ‘இந்த வாடிக்கையாளர் செயலில் இல்லை’ என்றது திரை.

மறுபடி அடித்தாள். மறுபடியும் அதேதான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளையாருக்குப் போன் நம்பர் ஏது?

“யாரும்மா செயல்ல இல்ல?” கமலநாதன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். “பிள்ளையாரா?”

“முதலாளி...”

“பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கானது கேள்விப்பட்டிருக்கேன். இங்க பிள்ளையாரையே காணோமே!”

“என் தப்புதான், முதலாளி. போன் நம்பர் இல்லாதவங்க எல்லாரையும் மூடச் சொன்னேன். யாரு யாருன்னு பாக்கல.”

கமலநாதன் கோபப்பட்டிருந்தால் ரமணி தாங்கியிருப்பாள். அவர் கோபப்படவில்லை. முகம் சின்னதாகிவிட்டது. “கூச்சிங் போற அவசரத்துல சாமியையே தூக்கிப் போட்டுட்டியேம்மா” என்றார். பிறகு பின்னறைப் பக்கம் கையைக் காட்டினார். “பெரியவரை எழுப்பு. நமக்கு இது வேணாம்.”

பூவைச் சூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவரை ரமணி பார்த்தாள். அவரை இன்றைக்கு எழுப்பினால் இனி எந்த வருஷமும் தூங்கவைக்க முடியாது. விமான நிலையத்து வரிசையும், டாக்சியில் அழுததும் ஞாபகம் வந்தன. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு நிமிஷம் நின்று அந்தப் பெயர்களைப் பார்த்திருக்கக் கூடாதா? அவள் எழுந்து போகவில்லை. போனை எடுத்துச் சாதிக்கைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

விஷயத்தைக் கேட்ட சாதிக், “சார், பதறாதீங்க. பிள்ளையார் எங்கயும் போகல. மூடித்தான் வச்சிருக்கேன், அழிக்கல. திறந்து விட்டுடலாம்” என்றார். கமலநாதனின் தோள் கொஞ்சம் இறங்கியது. “ஆனா நம்பர் ஒண்ணு கொடுக்கணும். இல்லேன்னா பில் போட விடாது.”

“ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு விடு லா” என்று வாசலிலிருந்து லோரி டிரைவர் குரல் கொடுத்தார்.

“சாமிக்குப் பொய் நம்பரா?” கமலநாதன் அதட்டினார். “என் நம்பரைப் போடு.”

போட்டாள். அந்த நம்பர் ஏற்கெனவே முதலாளி பெயரில் இருக்கிறது, ஒரு நம்பர் ஒருவருக்குத்தான் என்று திரை மறுத்தது. கோயில் நம்பரைப் போட்டார்கள். அதுவும் கோயில் பெயரில் இருந்தது. தங்கமணி நம்பர் கிளைக்குப் போயிருந்தது. டிரைவர் தன் நம்பரைத் தரத் தயாராக இருந்தார். ஆனால் அவர் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுத்தான் பேசுவார் என்பதால் கமலநாதன் சம்மதிக்கவில்லை.

“என் நம்பர் எதுலயும் இல்ல, முதலாளி” என்றாள் ரமணி.

கமலநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப பிள்ளையாரைக் கூப்பிட்டா நீதான் எடுப்ப?”

“இந்தக் கடையில என்ன ஆனாலும் இத்தனை வருஷமா என்னத்தானே கூப்பிடறீங்க? எடுக்காம இருந்திருக்கேனா?”

கமலநாதன் சரி என்று தலையை ஆட்டினார். ரமணி தன் நம்பரை அடித்து, ஒரு பெட்டி சூடத்தைப் போட்டு, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். பில் வந்தது. அடுத்த நொடியே அவள் கைப்பையில் போன் மணி அடித்தது.

‘அன்புள்ள பிள்ளையார் அவர்களே, கமலநாதன் அண்ட் சன்ஸுக்கு வந்ததற்கு நன்றி. உங்கள் சூடம் ஒரு பெட்டி தயார். எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் தாருங்கள்.’

கமலநாதன் போனை வாங்கி, சாமிப் படத்தைப் பார்ப்பதுபோல இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

“நன்றி சொல்லுது பாரேன்! பெரியவரு ஒரு நாளாச்சும் சாமிக்கு நன்றி சொல்லியிருப்பாரா?” முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தார். “அஞ்சு போடும்மா, அஞ்சு போடு!”

லோரி கிளம்பியது.

ஆனால் அந்த ஒரு வார நிபந்தனை மறுநாளும் அப்படியேதான் இருந்தது. ரமணி கை வைக்கக் கூடாது என்றால் காலையில் முதல் பில்லை யார் போடுவது? கடையில் ஆள் இல்லாமல் இல்லை, ஆனால் கமலநாதனுக்கு யாரும் பிடிக்கவில்லை. “நேத்து ஒரு தடவ காணாமப் போனவரு. இனிமே அவரு பில்லை நானே போடறேன்” என்று சொல்லிவிட்டார். வாழ்நாளில் கீபோர்டைத் தொடாத மனிதர். சாதிக் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தார். கமலநாதன் ஒற்றை விரலால், மாவு வெந்துவிட்டதா என்று குத்திப் பார்ப்பதுபோல, ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார்.

“இது என்ன கட்டம்?”

“குறிப்பு, சார். இதுல நீங்க எது எழுதினாலும் பில்லோட சேர்ந்து வாடிக்கையாளருக்குப் போயிரும். பாத்து எழுதுங்க.”

அது தெரிந்ததும் மனிதருக்குப் புது விளையாட்டுக் கிடைத்தாற்போல ஆயிற்று. ஷா ஆலம் கோபக்காரருக்கு ‘கோபம் வேண்டாம், லோரி வருது’ என்று எழுதினார். கோபக்காரர் முதல் தடவையாகப் பதிலுக்குப் போனில் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவைத்தார். வாரக் கடைசியில் சிஸ்டமே ஓர் அறிக்கை கொடுத்தது. ஒரு நாளும் தவறாமல் வருகிற மிகச் சிறந்த வாடிக்கையாளர் பிள்ளையார், அவருக்குச் சலுகை ஏதாவது கொடுக்கலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தது. “சாமிக்கே டிஸ்கவுண்ட்டா!” என்று கமலநாதன் அன்று முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ரமணி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். ஒரு வாரம் ஓடிவிட்டது. கமலநாதன் பெரியவரின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றிவைத்தார். அதுதான் அவர் கொடுத்த அனுமதி.

கூச்சிங்கில் போட்டி நாள் காலை. மழை பெய்து ஓய்ந்த மைதானம், ஈரப் புல் வாசனை. சிலாங்கூர் சட்டையில் ரமணியும், செமினியிலிருந்து வந்திருந்த லோகேஸ்வரியும் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். லோகேஸ்வரி குண்டு எறிகிறவள், அவள் போட்டி மத்தியானம்தான். ரமணியின் கண் காலில் இல்லை, போனில் இருந்தது. கடை திறந்திருக்க வேண்டிய நேரம். பிள்ளையாருக்கு வரவேண்டிய மெசேஜ் வரவில்லை.

“யாருக்குக் காத்திருக்க?” என்றாள் லோகேஸ்வரி.

“கடைக்கு. முதல் பில் போட்டா எனக்கு மெசேஜ் வரும்.”

“போன் பண்ணிக் கேளேன்.”

“பண்ணக் கூடாது. கை வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

வேகநடைக்காரர்களை வரிசைக்கு வரச் சொல்லி மலாயில் அறிவித்தார்கள். ரமணி எழுந்தாள். போன் சும்மாவே கிடந்தது. போன வருஷம் போலத்தான் ஆகப்போகிறது, தங்கமணி கூப்பிடப்போகிறாள், கடை வாசலில் லோரிகள் வரிசைகட்டி நிற்கப்போகின்றன என்று அவள் மனசு என்னென்னவோ படம் காட்டியது. போட்டி எண் எழுதிய துணியைச் சட்டையில் தலைகீழாகக் குத்திவிட்டு, கழற்றித் திருப்பிக் குத்தினாள்.

மணி அடித்தது.

‘அன்புள்ள பிள்ளையார் அவர்களே, கமலநாதன் அண்ட் சன்ஸுக்கு வந்ததற்கு நன்றி. உங்கள் சூடம் ஒரு பெட்டி தயார்.’

ரமணி பெருமூச்சு விட்டாள். கடை திறந்துவிட்டது. அவள் இல்லாமலேயே திறந்துவிட்டது. சந்தோஷம்தான், ஓரத்தில் துளி வலியும் இருந்தது, இல்லாமல் என்ன? போனை வைக்கப் போனவள் கீழே இன்னும் ஏதோ இருப்பதைப் பார்த்தாள். தினமும் காலியாகவே வருகிற குறிப்புக் கட்டத்தில் இன்றைக்கு எழுத்து இருந்தது. தாமதத்துக்குக் காரணம் புரிந்தது. ஒற்றை விரலில் அவ்வளவையும் குத்த நேரம் பிடிக்குமே.

‘அப்பா பிள்ளையாரே, எங்க ரமணி இன்னைக்குக் கூச்சிங்ல நடக்குது. ரொம்ப நாளா கேட்டுச்சு, நாந்தான் விடல. அது மேல தப்பு இல்ல. கால் இடறாம கூடவே போ. கடைய நான் பாத்துக்கறேன்.’

எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. லோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

“என்ன ஆச்சு? அழற? கடையில பிரச்சினையா?”

“இல்ல. முதலாளி பிள்ளையாருக்கு எழுதியிருக்காரு.”

“பிள்ளையாருக்கு எழுதினா உனக்கு ஏன் வருது?”

“நம்பர் என்னோடது லா” என்று சொல்லிவிட்டு ரமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். கடைசி முறையாக வரிசைக்குக் கூப்பிட்டார்கள். மதிப்பெண் கேட்கிற இடத்தில் அவசரமாக ஐந்தை அழுத்தினாள். அதற்கு மேல் அதில் இல்லை. போனை லோகேஸ்வரி கையில் திணித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டித் தொடக்கக் கோட்டைப் பார்த்து நடந்தாள்.